சீமாட்டி எல்ஸ்பெத்தைப் பற்றி விசாரித்தது

கிரின்ஸ்டெட், டென்மார்க்
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் நிறோஷினிக்கு,

என் எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே, சிரிப்பதென்றாலும் முழுவதையும் வாசித்து முடித்துவிட்டுச் சிரி. வரிகள் ஒரு பக்கமாகச் சரிந்திருக்கும், சில எழுத்துகள் பெருத்தும் சில நசுங்கியும் இருக்கும், ஒரு சொல்லை முடிப்பதற்குள் அடுத்த சொல் மறந்துபோய் வெட்டியும் இருக்கிறேன், மன்னித்துக்கொள். இது உன் அப்பா தன் கையால் எழுதும் முதல் கடிதம். சிறுவயதில் புகையிலைத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கப் போனவனுக்கு எழுபது வயதுக்குப் பிறகு உன் அம்மா இந்தக் குளிர்காலம் முழுக்கக் குசினி மேசையில் இருத்தி எழுத்துப் பழக்கினாள். கோயில் அறிவித்தல், மரண அறிவித்தல், அரிசிப் பையில் இருக்கிற எழுத்து என்று இப்போது ஒன்றையும் விடாமல் வாசிக்கிறேன், அவ்வளவு சந்தோஷம். ஆனால் வாசிக்க வாசிக்கச் சந்தேகமும் கூடுகிறது. அந்த அரிசிப் பையில் கல் நீக்கியது என்று பெரிதாக அச்சடித்திருக்கிறான், நேற்றும் என் பல்லில் கல் பட்டது. நானும் அம்மாவும் நல்ல சுகம், அம்மாவின் முழங்கால் மட்டும் குளிரோடு கோபித்துக்கொண்டிருக்கிறது. உன் சுகத்துக்குக் கடவுளை வேண்டுகிறோம் என்று எழுத வேண்டுமாம், அம்மா சொன்னாள், ஆனால் நீயும் உன்னைக் கொஞ்சம் பார்த்துக்கொள், ஸ்கொட்லாந்தின் அபர்டீனில் காற்று இங்கேயுள்ளதைவிட மோசம் என்று கேள்வி. தொலைபேசியில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். தொலைபேசியில் அம்மா சத்தத்தைக் கூட்டி நடுவில் வைத்துவிடுவாள், நீ இரண்டு சொல் தமிழில் சொல்லிவிட்டு டெனிஸ் மொழிக்குப் போய்விடுவாய், எனக்குச் சொல்ல வேண்டியது தொண்டையிலேயே நிற்கும். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு அழுதழுது போனாயே, அந்த அழுகை வீணாகவில்லை, இன்றைக்கு இதை நீயே வாசிக்கலாம்.

அலஸ்டேரைக் கட்டுவதற்கு என் சம்மதம் கேட்டாய். நான் பார்ப்போம் என்றேன், அதற்குப் பிறகு நீ தொலைபேசி எடுத்த நேரமெல்லாம் மழையைப் பற்றியும் அண்ணனின் புதுக் காரைப் பற்றியும் கதைத்துத் தட்டிவிட்டேன். நீ காத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். கோபிக்காதே, எனக்குச் சந்தேகம் இருந்தது, அதை ஒளிக்காமல் எழுதுகிறேன். கோடையில் அந்தப் பொடியன் இங்கே வந்தபோது அம்மா வைத்த நண்டுக்கறியைத் தண்ணீர் கேட்காமல் சாப்பிட்டு முடித்தான், அப்படிச் சாப்பிடுகிறவன் எதையோ மறைக்கிறான் என்று நினைத்தேன். அவர்களுக்குக் கோட்டை மாதிரி வீடு இருக்கிறது என்றாய், சந்தேகப்பட்டேன். அந்த வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்றாய், அதற்கு இன்னும் கூடச் சந்தேகப்பட்டேன். எல்லாவற்றையும்விடப் பெரிய சந்தேகம் இரண்டு. ஒன்று, எங்களைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் அந்த வீட்டார் உடனே சரி என்றது. யார் எவர் என்று கேட்காமல் சரி சொல்கிறவன் ஒன்றில் தன் பிள்ளையில் அக்கறை இல்லாதவன் அல்லது தன்னிடம் ஏதோ குறை வைத்திருப்பவன். மற்றது அந்தச் சீமாட்டி. அலஸ்டேரின் அப்பம்மா எல்ஸ்பெத் என்பவர் ஸ்கொட்லாந்தில் ஒரு பிரபுவின் மகளாம், டென்மார்க் பிரபு ஒருவரைக் கட்டி இங்கே வந்து, ஜெர்மன்காரன் இந்த நாட்டைப் பிடித்து வைத்திருந்த ஐந்து வருஷமும் இங்கே டென்மார்க்கின் மேற்கில், யூலாந்தில், நீ பெயர் சொன்ன ஒரு பெரிய பண்ணை வளவிலேயே இருந்தாராம், யுத்தம் முடிந்ததும் புருஷனை விட்டுவிட்டுப் பிள்ளையோடு ஸ்கொட்லாந்துக்குத் திரும்பினாராம். இவ்வளவுதான் நீ சொன்னாய். பிறகு, "அப்பா, அவை டென்மார்க்கைப் பற்றிக் கதைக்கமாட்டினம், நீங்கள் கேக்கக் கூடாது" என்றாய். கேட்கக் கூடாது என்றதும் எனக்கு நித்திரை போய்விட்டது. நான் யுத்தத்துக்குள் இருந்து வந்தவன். யுத்தகாலத்தைப் பற்றி ஒரு குடும்பம் வாயே திறக்காவிட்டால் அதற்குள் என்னவெல்லாம் கிடக்கலாம் என்று எனக்குத் தெரியும்.

எங்கள் ஊரில் சம்பந்தம் பேசி வந்தால் முதல் வேலை விசாரிப்பதுதான். என் தகப்பனார் அப்பு, உன் மாமியின் கலியாணத்துக்கு விசாரிக்கப் போனபோது, தனக்குத் தேவையில்லாத ஒரு கன்றுக்குட்டியை விலை கேட்கிற மாதிரி அந்த ஊருக்குள் நுழைந்து, கண்ட வீட்டிலெல்லாம் தேத்தண்ணி குடித்து, மாப்பிள்ளையின் பாட்டன் காலம் வரைக்கும் அறிந்துகொண்டு வந்தவர். அபர்டீனில் நான் எந்தக் கன்றுக்குட்டியை விலை கேட்பது? இப்படி யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு வெளித்தது, சீமாட்டி யுத்தகாலத்தில் இருந்த வளவு இங்கிருந்து காரில் அரை மணி நேரம்கூட இல்லை. யூலாந்தை விட்டு வெளிக்கிடாமல் ஒரு ஸ்கொட்லாந்துப் பிரபு குடும்பத்தை விசாரிக்க யாழ்ப்பாணத்து அப்பா ஒருவனுக்கு வாய்த்திருக்கிறது. எனக்கு வந்த சந்தோஷப் புளுகத்தைச் சொல்ல முடியாது.

செல்வராஜா மாமாவைத் தெரியும்தானே, என்னோடு கோழித் தொழிற்சாலையில் நின்றவர், இப்போது சபையில் பாடுகிறவர், அவருடைய காரில்தான் போனேன். "செத்துப்போன மனிசியை இப்ப ஏன் அண்ணை தோண்டுறியள், பொடியன் குடிக்கிறவனோ எண்டு கேட்டால் அது விசாரணை" என்றார். அதையும் கேட்பேன் என்றேன். "ஸ்கொட்லாந்துக்காரன் குடிக்கிறவனோ எண்டு கேக்கிறதுக்கே நான் டீசலை எரிக்கிறன்" என்று வழி முழுக்கச் சிரித்துக்கொண்டு வந்தார். அந்த வளவு இப்போது கலியாணக் கொண்டாட்டத்துக்கு வாடகைக்கு விடுகிற விடுதி. மகளின் கலியாணத்துக்கு இடம் பார்க்க வந்திருக்கிறேன் என்று சொன்னேன், அது முழுப் பொய்யும் இல்லை. வரவேற்பு மேசையில் இருந்த பிள்ளை கோப்பி தந்து மண்டபத்தைக் காட்டினாள். சுவரில் சீமாட்டியின் படம் தொங்குகிறது, குதிரைமேல் இருக்கிறார், மெல்லிய உதடு, எங்களைப் பார்த்து உங்களுக்கு இங்கே என்ன வேலை என்று கேட்கிற மாதிரி ஒரு பார்வை. யுத்தத்தில் ஜெர்மன் அதிகாரிகள் இந்த வீட்டை எடுத்திருந்தார்கள், சீமாட்டியும் இங்கேயே அவர்களோடு இருந்தார் என்று அந்தப் பிள்ளை சொல்லிவிட்டு ஒரு சின்னச் சிரிப்புச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. வெளியே வேலி வெட்டிக்கொண்டு நின்ற வயதான மனிதர் ஒருவரிடம் கேட்டேன். அவர் கத்தரிக்கோலைக்கூட நிறுத்தவில்லை. யுத்தம் முடிந்த கிழமை ஊர்ப் பொடியன்கள் வந்து இந்த முற்றத்தில் வைத்து அவருடைய தலைமயிரை வெட்டினார்கள், ஜெர்மன்காரனோடு திரிந்த பெண்களுக்கு அப்போது அதுதான் தண்டனை, என் அப்பா சொல்லியிருக்கிறார் என்றார்.

திரும்பி வரும்போது செல்வராஜா மாமா சிரிக்கவில்லை. மகளே, எங்கள் ஊரில் ஒருவருக்குத் துரோகி என்று பெயர் வைத்தால் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது, நாங்கள் சொல்லி வளர்க்கவில்லை. மின்கம்பத்தில் கட்டிச் சுட்டு, கழுத்தில் குற்றம் எழுதிய கடதாசி மட்டை தொங்கவிட்டிருப்பார்கள், விடியக் காலையில் வேலைக்குப் போகிறவர்கள் பாராமல் போக வேண்டும். அந்த மட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்கு வாசிக்கத் தெரியாது, பக்கத்தில் நிற்கிறவர்களிடம் கேட்கவும் பயம், ஆனால் எழுதியிருக்கிறதே, அப்படியென்றால் உண்மையாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு நடந்தவன் நான். அதே மாதிரித்தான் இதையும் நினைத்தேன். வெட்டினார்கள் என்றால் காரணம் இருக்கும். அந்த வீட்டுக்கு என் பிள்ளையைக் கொடுப்பதில்லை என்று காரில் இருந்துகொண்டே முடிவெடுத்தேன். உனக்கு எழுதவும் தொடங்கினேன், முதலில் எழுதத் தொடங்கிய கடிதம் அதுதான், நல்ல காலம் என் கை மெதுவானது, வேண்டாம் என்ற சொல் வருவதற்கு முன்னமே அம்மா பிடித்துவிட்டாள்.

அவள் லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அதிகாரிகளோடு ஒரே மேசையில் இருந்து சாப்பிட்டவளாம், சிரித்துக் கதைத்தவளாம் என்று கொஞ்சம் கூட்டியும் சொல்லியிருப்பேன். அம்மா கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "துவக்கோட வந்தவன் பகிடி விட்டால் சிரிக்காமல் என்ன செய்யிறது?" என்று கேட்டாள். பிறகு நான் இதுவரை கேள்விப்படாத ஒன்றைச் சொன்னாள். நான் கொழும்பில் வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஏஜென்சிக்காரனை நம்பிக் காத்துக் கிடந்த மாதங்களில் எங்கள் பக்கத்து வீட்டில் ஆமி முகாம் போட்டிருக்கிறான். அவர்கள் கோதுமை மாவைக் கொண்டுவந்து கொடுத்து ரொட்டி சுடச் சொல்வார்களாம், உன் அண்ணன் தாரகன் இடுப்பில், அம்மா சுட்டுக் கொடுப்பாளாம். "ஒருத்தன் துவக்கை எங்கட மேசையில வைச்சிட்டு ஏதோ சொன்னவன், மற்றவங்கள் சிரிச்சவங்கள், நானும் சிரிச்சனான். விளங்கினதே? ஒரு சொல்லும் விளங்கேல்லை. பிள்ளை இடுப்பில இருக்கு, சிரிச்சனான்" என்றாள். அதற்குப் பிறகு கூப்பன் அரிசிக்குச் சங்கக்கடை வரிசையில் நிற்கும்போது, உனக்கென்ன உனக்கு ஆமியின் மா இருக்கு என்று ஒருத்தி எல்லோருக்கும் கேட்கச் சொன்னாளாம். அதனால்தான் அம்மா வீட்டைப் பூட்டிவிட்டுச் சித்தி வீட்டுக்குப் போயிருக்கிறாள். செல் குண்டு அடித்தபடியால் போனாள் என்றுதான் இவ்வளவு காலமும் நான் நினைத்திருந்தேன். கடைசியாக அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அந்த நேரம் என்னையும் ஊரில விசாரிச்சிருந்தால் நீங்கள் வேண்டாமெண்டுதான் சொல்லியிருப்பியள்." அவள் லீக்ஸை எடுத்துக் கழுவப் போய்விட்டாள். இதை உனக்கு எழுதலாமா என்று பிறகு கேட்டேன், எழுதுங்கோ, ஆனால் ஃபோனில என்னட்டைக் கேக்க வேண்டாமெண்டும் எழுதுங்கோ என்றாள். அதனால் கேட்காதே.

இதோடு என் சந்தேகம் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதே. அம்மா அம்மாதான், சீமாட்டி சீமாட்டிதான், ஒருத்திக்கு நடந்ததை வைத்து இன்னொருத்தியை விடுதலை செய்ய முடியாது. இன்னும் ஒரு இடத்தில் கேட்க வேண்டும் என்று இருந்தது. அண்ணி சுஜீதா வேலை செய்கிற முதியோர் இல்லத்தில் கிர்ஸ்டன் என்று ஒரு மனிசி இருக்கிறார், தொண்ணூறு தாண்டிவிட்டது, அவருடைய தகப்பன் அந்த வளவில் மாடு பார்த்தவராம், சீமாட்டியின் காலத்தில் கிர்ஸ்டன் சின்னப் பிள்ளை. நான் காலையில் நடக்கும்போது அந்த இல்லத்து யன்னலில் இருந்து பார்ப்பவர் அவர்தான், இவ்வளவு காலமும் எனக்குத் தெரியாமல் போய்விட்டது. சுஜீதாவிடம் கேட்டபோது அவள் முகம் ஒரு மாதிரிப் போனது. "மாமா, என்ர வேலைக்கு உலை வைச்சிடாதேங்கோ" என்றாள். அதையும் சந்தேகத்தோடு குறித்து வைத்துக்கொண்டேன். பிறகு கூட்டிக்கொண்டு போனாள், கிர்ஸ்டன் எனக்காகவே மெதுவாக டெனிஸ் கதைத்தார், நானும் மெதுவாகவே விளங்கிக்கொண்டேன்.

சீமாட்டி நல்லவரா என்று நேரடியாகக் கேட்டேன். அது எனக்குத் தெரியாது, எங்கள் ஒருவருடைய பெயரும் அவருக்குப் பாடமில்லை, முட்டையை எண்ணித்தான் எடுப்பார், ஒன்று குறைந்தால் என் அம்மாவைக் கூப்பிட்டு நிற்க வைப்பார் என்றார் கிர்ஸ்டன். ஜெர்மன்காரன் வந்ததும் புருஷன்காரர் கொப்பன்ஹேகனுக்குப் போய் அங்கேயே இருந்துகொண்டாராம். சீமாட்டியையும் போகச் சொன்னார்களாம், போகவில்லை. பெரிய வீட்டை ஆளில்லாமல் விட்டால் வேலைக்காரர் வீடுகளையும் மாட்டுப் பட்டியையும் எடுத்துவிடுவார்கள் என்று கிர்ஸ்டனின் தகப்பனிடம் சொன்னாராம். முன் அறைகளையெல்லாம் அதிகாரிகளுக்குக் கொடுத்துவிட்டுக் குசினிப் பூட்டின் திறப்பை மட்டும் தன் இடுப்பில் வைத்திருந்தாராம். இரவுச் சாப்பாட்டுக்கு மேசையின் தலைமாட்டில் இருந்த தன் கதிரையில் வந்து இருப்பாராம், எந்த அதிகாரியையும் அந்தக் கதிரையில் இருக்க விட்டதில்லை, அவர்களுடைய மொழியிலேயே கதைப்பாராம், சிரிப்பாராம், குசினிக்குள் வந்ததும் அந்தச் சிரிப்பு இருக்காதாம், அடுப்புப் பக்கம் திரும்பி நின்று கையைக் கழுவிக்கொண்டே இருப்பாராம். மற்ற வளவுகளில் பாலைப் பட்டியிலேயே எடுத்துக்கொண்டு போனார்கள், எங்களுக்கு ஐந்து வருஷமும் பால் இருந்தது என்றார் கிர்ஸ்டன். அப்படியென்றால் தலைமயிரை ஏன் வெட்டினார்கள் என்று கேட்டேன். வந்தவர்கள் அந்தக் கிழமைதான் எதிர்ப்புப் படையென்று கையில் துணிப் பட்டி கட்டிக்கொண்ட பொடியன்களாம். சீமாட்டி தானாகவே வந்து படியில் இருந்து, கொண்டை ஊசிகளைத் தானே ஒவ்வொன்றாகக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, கெதியாகச் செய்யுங்கள், எனக்கு வேலை இருக்கிறது என்றாராம். அந்தப் பாலைக் குடித்த நாங்கள் எல்லோரும் சுற்றி நின்றோம், என் அப்பாவும் நின்றார், ஒருவரும் நிறுத்து என்று சொல்லவில்லை என்றார் கிர்ஸ்டன். சீமாட்டியின் மகனுக்கு அப்போது ஆறு வயதாம், கிர்ஸ்டன் தன் சட்டையால் அவன் கண்ணை மூடிப் பிடித்தாராம், அவன் கையைத் தட்டிவிட்டுப் பார்த்தானாம். மகளே, அந்தப் பிள்ளைதான் அலஸ்டேரின் தகப்பன், உன் மாமனாராக வரப் போகிறவர்.

நான் எழும்பப் போனேன். அப்போது கிர்ஸ்டன், நீ இருக்கிற கதிரையில்தான் அவனும் வந்து இருந்தான் என்றார். எனக்கு முதலில் விளங்கவில்லை, பிறகுதான் தெரிந்தது, அவன் என்றது உன் மாமனாரை. அவருக்கும் கிர்ஸ்டனுக்கும் இவ்வளவு காலமும் நத்தாருக்கு, அதுதான் கிறிஸ்மஸுக்கு, வாழ்த்து அட்டை அனுப்பும் பழக்கமாம். போன மாதம் அவர் பொல்லூன்றிக்கொண்டு பில்லுண்ட் விமான நிலையத்தில் இறங்கி நேரே இங்கே வந்திருக்கிறார். தாயைப் பற்றிக் கேட்கத்தான் கடைசியில் வந்திருக்கிறான் என்று கிர்ஸ்டன் நினைத்தாராம். அவர் தாயைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. உங்கள் ஊரில் ஒரு தமிழ்க் குடும்பம் இருக்கிறது, கோழித் தொழிற்சாலையில் வேலை செய்த மனிதர், எப்படிப்பட்ட ஆட்கள் என்று கேட்டிருக்கிறார். எங்களை விசாரித்திருக்கிறார், நிறோ. நான் சுஜீதாவைத் திரும்பிப் பார்த்தேன், அவள் கூரையைப் பார்த்தாள். அவள்தானாம் அவருக்குக் கோப்பி கொடுத்தது. "இஞ்ச நடக்கிறதை வெளியில சொல்லக் கூடாதெண்டு வேலையில கையெழுத்து வாங்கியிருக்கினம் மாமா" என்று சட்டம் கதைக்கிறாள், அவளுடைய பெரிய மனிசி நடப்பைப் பார். என்னைப் பற்றி என்ன சொன்னீர்கள் என்று கிர்ஸ்டனிடம் கேட்டேன். அந்த மனிதர் ஒவ்வொரு காலையிலும் எல்லோருடைய தோட்டத்தையும் தன்னுடையதைக் களவெடுத்தவனைத் தேடுகிறவர் மாதிரிப் பார்த்துக்கொண்டு போகிறார் என்று சொன்னாராம். பனி கொட்டினால் நகரசபைக் கொமூன ஆட்கள் வருவதற்கு முன்னமே வந்து எங்கள் வாசலை வழித்துவிடுகிறார், பிறகு யாராவது வழுக்குகிறார்களா என்று நின்று பார்க்கிறார் என்றும் சொன்னாராம். அதைக் கேட்டு உன் மாமனார் சத்தமாகச் சிரித்தாராம். எதற்குச் சிரித்தார் என்பதுதான் இப்போது எனக்கு இருக்கிற சந்தேகம்.

பில்லுண்டில் இறங்கியவர் எங்கள் வீட்டுக்கு வரவில்லையே என்று அம்மாவுக்கு ஒரு மனக்குறை. எனக்கு இல்லை. விசாரிக்க வந்தவர் வீட்டுக்கு வரக்கூடாது, அந்த முறை அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியாது. ஆனால் நான் யோசித்துப் பார்த்தேன். தன் தாயை முற்றத்தில் இருத்தித் தலைமயிர் வெட்டிய ஊர்ப்பக்கம், வாயால் சொல்லக்கூட விரும்பாத ஊர்ப்பக்கம், அங்கே எண்பது வயது தாண்டித் தனியாக வந்து, தன் மகன் கட்டப் போகிற பிள்ளையின் வீட்டார் எப்படி என்று கேட்டிருக்கிறார். நான் அவருடைய தாயைத் தோண்டப் போனேன், அவர் என்னைக் கேட்க வந்தார். இந்தக் குடும்பத்துக்குப் பிள்ளையில் அக்கறை இருக்கிறது, அதுதான் நான் அறிய வேண்டியிருந்தது. என் பதில் ஓம். நீ அலஸ்டேரைக் கட்டிக்கொள். அம்மா இதை வாசித்துவிட்டு இந்த வரியை முதலில் எழுதியிருக்கலாமே என்கிறாள், முதலில் எழுதியிருந்தால் மிச்சத்தை நீ வாசித்திருப்பாயா?

இனிச் சில புத்திமதி. மாமனாரிடம் தாயைப் பற்றி நீயாகக் கேட்காதே, அவராகச் சொன்னால் நடுவில் குறுக்கிடாமல் கேள். அந்தச் சீமாட்டி வீராங்கனை என்று யாராவது சொன்னாலும், துரோகி என்று சொன்னாலும், எங்கே எழுதியிருந்தாலும் உடனே நம்பிவிடாதே, பால் குடித்தவர்களிடமும் கேட்க வேண்டும். அந்த வீட்டில் தங்கப் போனால் ஒழுகுகிற இடத்துக்குக் கீழே படுக்காதே. அலஸ்டேர் குடிக்கிறவனா என்று நான் இன்னும் யாரிடமும் கேட்கவில்லை, செல்வராஜா மாமா கேட்க விடவில்லை, நீயே உண்மையைச் சொல். கலியாணத்தன்று என்னை மாமனாருக்குப் பக்கத்தில் இருத்து. எனக்கு ஆங்கிலம் வராது, அவருக்குச் சின்ன வயசு டெனிஸ் மிச்சம் இருந்தால் போதும், இல்லாவிட்டாலும் பரவாயில்லை, இருவரும் வருகிறவர்கள் போகிறவர்களைச் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டிருப்போம்.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், ஒருவரை ஒருவர் பயமில்லாமல் கேள்வி கேட்டுக்கொண்டு நெடுங்காலம் வாழ வேண்டும் என்று நானும் அம்மாவும் மனதார வாழ்த்துகிறோம். சனிக்கிழமை அம்மாவுக்கு எடுக்க மறக்காதே, அவள் பகலிலேயே தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டு இருப்பாள். கை வலிக்கிறது, ஆனால் அடுத்த கிழமையும் எழுதுவேன், அது உனக்கு இல்லை, உன் மாமனாருக்கு. நீதான் ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் அவருக்கு ஆங்கிலத்தில் வாசித்துக் காட்ட வேண்டும். தொடக்கத்தை மட்டும் நேற்றே ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிப் பார்த்துவிட்டேன், வெட்டாமல் திருத்தாமல் ஒரே தடவையில் வந்தது: அன்புள்ள சம்பந்திக்கு.

இப்படிக்கு
உன் அப்பா
சண்முகலிங்கம்